நாற்பத்தைந்து சென்டிமீட்டர் யார் சொன்னது?

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் குமார் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஃபோன் பண்ணினான். என் வீட்டுக்காரி செல்வியின் தம்பி. கிரிவலப் பாதையில் டிபன் வண்டி போட்டிருக்கிறான்.

"மாமா, வேங்கிக்கால்ல கலெக்டர் ஆஃபீஸ்ல கூட்டம் போடறாங்களாம். பௌர்ணமிக்கு வண்டிக் கடைங்களுக்கு புது ரூல்ஸ் வருதாம்."

"உன்ன கூப்ட்டாங்களா?"

"இல்ல மாமா. ஓட்டல்காரங்கள கூப்ட்டிருக்காங்க."

"நீ இன்னா பண்ணப் போற?"

"ரூல்ஸ் வரட்டும். வந்ததும் அதுக்குத் தக்கன மாத்திக்கலாம்னு இருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. அதே வார்த்தையை நான் ரெண்டு தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை நம்ம ஊரில். ஒரு தடவை இங்கே லண்டனில். ரெண்டு தடவையும் அடி வாங்கினேன். ஃபோனில் சொன்னால் அவன் மறந்துவிடுவான். எழுதி வைத்தால் பக்கத்து வண்டிக்காரரும் படிப்பார். நான் படித்தது எட்டாவது. சுருக்கமாகத்தான் வரும்.

2

மாவட்டம் பிரிச்ச புதுசு. செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, நானும் வண்டி போட்டிருந்தேன். இட்லி, தோசை, பொங்கல். பௌர்ணமிக்குக் கூட்டம் மாசா மாசம் ஜாஸ்தி ஆகிக்கொண்டிருந்தது. என்னோடு சேர்த்து ஒன்பது வண்டிகள்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் தினமும் காலையில் என் வண்டியில்தான் சாப்பிடுவார். கெட்டிச் சட்னி கேட்பார். காசு கொடுக்காமல் போனதில்லை. நல்ல மனுஷர். அவர் கையெழுத்துப் போட்டுத்தான் அந்தத் தாள் வந்தது.

சாப்பாடு விற்கிறவர்களுக்கு ஏழு விதி. ஆறு விதி சரி. மூடி வை, கை கழுவு, தலைக்குத் துணி கட்டு. செய்யலாம். ஏழாவது விதி, கடைக்கு நேரடிக் குழாய் இணைப்பு இருக்க வேண்டும்.

சக்கரம் வைத்த வண்டிக்குக் குழாய் இணைப்பு.

மறுநாள் அவர் இட்லி சாப்பிடும்போது கேட்டேன்.

"சார், வண்டிக்கு குழா எப்டி சார் போடறது?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நானா யோசிச்சு எழுதினேன்? ஒரு வாரத்துல ரூல்ஸ் வேணும்னு மேல கேட்டாங்க. எனக்கு இன்னா தெரியும்? ஓட்டல் சங்கத்துல போய்க் கேட்டேன். அவங்க டைப் அடிச்சே குடுத்துட்டாங்க."

"எங்கள கேட்டிருக்கலாமே சார். தினம் இங்கதானே நிக்கறீங்க."

"உங்கள்ல யாரப்பா கேக்கறது? சங்கம் கீதா? லெட்டர்பேடு கீதா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. ஆஃபீசுக்கு அடுப்பு தெரியாது. தெரிந்தவனைக் கேட்கும். தெரிந்தவன் தனக்குத் தோதாகச் சொல்வான். ஆஃபீஸ் அதற்கு சீல் வைக்கும். லஞ்சம் இல்லை, சண்டை இல்லை. ஒரு ரூம், ஒரு ஃபேன், ஒரு காபி. அவ்வளவில் ஒன்பது வண்டி காலி.

திங்கட்கிழமை மனு நாள். ஒன்பது பேரும் சேர்ந்து போகலாம் என்று பேசினோம். பேசினதோடு சரி. உத்தரவு வந்தாச்சு, அதுக்குத் தக்கன மாத்திக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். எல்லோரும் வண்டியை ஓரம் கட்டினார்கள். மனு எழுதவே இல்லை.

அப்புறம் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர் ஆனேன். சங்கத்து ஓட்டல்தான். பல வருஷம் கழித்து, கிரிவலத்துக்கு வந்த வேலூர்க்காரர் ஒருத்தர் அங்கே நான் தோசை ஊத்துவதைப் பார்த்தார். லண்டனில் ஓட்டல் வைத்திருந்தார். பேப்பர் எல்லாம் அவரே போட்டார். ப்ளேன் ஏறினேன்.

3

ஏழு வருஷம் அவர் அடுப்பில் நின்றேன். செல்வியும் பெண்ணும் வந்து சேர்ந்தார்கள். நிரந்தரமாக இருக்க முத்திரை கிடைத்ததும் அவரிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்து சந்தையில் கடை போட்டேன். வாரத்தில் நாலு நாள். கூடாரம் மாதிரி ஒரு துணிக் கூரை, கேஸ் அடுப்பு, மூணு அடிக் கல். ஒரே நேரத்தில் ஆறு தோசை ஊத்தலாம்.

எனக்கு ஒரு பக்கம் ரஞ்சி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். கொத்து ரொட்டி போடுகிறார். மறு பக்கம் வின்ஸ்டன். ஜமைக்காக்காரர். எண்ணெய் டிரம்மைப் பாதியாக அறுத்து அதில் கோழி சுடுகிறார். இன்னும் நாலு பேர். மொத்தம் ஏழு அடுப்பு.

மாவு குளிரில் புளிக்காது. ஹீட்டர் பக்கத்தில் கம்பளி போர்த்தி வைப்போம். என் பெண் பவித்ரா அந்த அறையில்தான் படிக்கிறாள். பள்ளிக்கூடத் துணியில் மாவு வாசனை அடிக்கிறது என்று அழுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். காலையில் ரொட்டி தின்பாள். தோசை வேண்டாமாம்.

ஒரு நாள் கவுன்சிலிலிருந்து தடிமனாகக் கடிதம் வந்தது. கவுன்சில் என்றால் இங்கே நகராட்சி மாதிரி. பவித்ரா படித்துச் சொன்னாள். சந்தையில் சமைக்கிறவர்களுக்குப் புது விதிகள். அடுப்பின் மேல் வைக்கும் எந்தத் தட்டும் நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கக் கூடாது. தீப் பாதுகாப்புக்காக.

ஒன்றரை அடி. என் கல்லில் பாதி.

"அப்பா, இது ரூல் இல்ல. ரூல் போடலாமான்னு கேக்கறாங்க. பதில் எழுதறதுக்கு ஃபார்ம்கூட வெச்சிருக்காங்க பாரு."

"கவர்மென்ட்டு கேக்காதும்மா. முடிவு பண்ணிட்டு சொல்லும்."

"அப்பா, கேள்விக்குறி போட்டிருக்கு!"

"போட்டிருக்கட்டும். அதுக்குத் தக்கன மாத்திக்கலாம்."

அவள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். போகும்போது சொன்னது இங்கிலீஷில். அர்த்தம் இதுதான். நீ எப்பவும் அவங்க சொல்றதுக்கு முன்னாடியே குனிஞ்சுடற.

பதிலுக்கு நான் அதட்டினேன். உண்மையைச் சொன்னால் அதட்டத்தானே தோன்றும்.

மறுநாளே ஒன்றரை அடிக் கல் வாங்கினேன். பெரிய கல்லை எண்ணெய் தடவிப் பேப்பர் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ரஞ்சி அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் மாத்திட்டியளோ? அப்ப நானும் மாத்துறன். கடிதம் எண்டாலே எனக்குப் பயம்தான்" என்றார். அவரும் மாற்றினார். இன்னொரு மலையாளிப் பையனும் மாற்றினான். மாஸ்டர் மாற்றிவிட்டார், நாமும் மாற்றுவோம் என்று.

வின்ஸ்டன் சிரிசிரியென்று சிரித்தார். அவர் ஃபார்மில் பெரிதாக "முடியாது" என்று எழுதி அனுப்பிவிட்டார். "மாஸ்டர், உன்னைச் சாப்பிடலாமா என்று சிங்கம் கேட்டது. நீயே அதை வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாய்."

4

அடுத்த வாரம் மார்ட்டின் வந்தார். கவுன்சில் ஆள். இந்த விதிகளைத் தயார் பண்ணுகிறவர். சைக்கிளில் வருவார். மசால் தோசை பிடிக்கும். எந்த ஊரிலும் எனக்கு வாய்த்த ஆஃபீசர்கள் சாப்பாட்டுக்காரர்கள்தான்.

புதுக் கல்லைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். ஆஃபீசர் கேட்கிறார், நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு மதியம் கியூ ரோடு வரைக்கும் போனது. சின்னக் கல்லில் நெருக்கினால் ரெண்டு ஊத்தலாம். மூன்றாவது ஆள் பொறுத்தார். நான்காவது ஆள் வாட்சைப் பார்த்தார். அப்புறம் கியூவே இல்லை. இப்படியே ஒரு மாசம். பாதி மாவைத் திருப்பி எடுத்து வந்தோம். சந்தை வாடகை குறையவில்லை. கடையை விட்டுவிட்டுப் பழைய ஓட்டலுக்கே போய்ச் சேரலாமா என்று செல்வி கேட்டாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது இன்னொரு தாள் வந்தது. கமிட்டி கூடுகிறது, அதற்கு மார்ட்டின் எழுதின அறிக்கை. பவித்ரா படித்தாள். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா?"

"அப்பா, உன் போட்டோ."

நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், சின்னக் கல்லோடு. கீழே எழுதியிருந்தது இது. கடைக்காரர்களில் மூவர் ஏற்கெனவே சிறிய தட்டுக்கு மாறிவிட்டனர். சிரமம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை.

நான் பயந்து செய்ததை, விதி நல்லதுதான் என்பதற்குச் சாட்சியாக வைத்துவிட்டார்கள். வின்ஸ்டன் எழுதின "முடியாது" ஒரு வரிக்குள் போய்விட்டது. என் சிரிப்புக்கு அரைப் பக்கம்.

அன்றைக்கு ராத்திரி அந்த நாற்பத்தைந்தைப் பற்றியே நினைத்தேன். மார்ட்டினுக்குத் தோசைக்கல் தெரியாது. ஏன் நாற்பது இல்லை, ஏன் அறுபது இல்லை? ஒன்றரை அடிக்கு மேலே போனால்தான் தோசை வியாபாரம் ஓடும், கீழே போனால் படுத்துவிடும். இது தோசை ஊத்தினவனுக்கும் ஊத்த வைத்தவனுக்கும்தான் தெரியும்.

5

என் பழைய முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் ஓட்டல் சந்தையிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. இங்கே ஓட்டல்காரர்கள் சங்கத்தில் அவர்தான் பெரிய ஆள். கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"வாடா மாஸ்டர். இன்னா, கல் சின்னதாயிடுச்சாமே?"

"அண்ணே, அந்த நாப்பத்தஞ்சு நீங்க சொன்னதுங்களா?"

"ஆஃபீசர் வந்து கேட்டாரு. தெரிஞ்சத சொன்னேன்."

"நான் எந்தக் கல்லுல ஊத்தறேன்னு உங்களுக்குத் தெரியும்ங்க."

"தெரியும்டா. அதனாலதான் சொன்னேன்."

மறைக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. காபி வரவழைத்தார். குடித்தேன்.

"நான் கடைக்கு வரி கட்டறேன், கக்கூஸ் கட்டி வெச்சிருக்கேன், எட்டு பேருக்கு சம்பளம் குடுக்கறேன். நீ துணிய கட்டி நின்னுகினு பாதி விலைக்கு விக்கற. நான் எங்கடா போறது?"

"அது ஞாயம்ங்க. அத சொல்லியிருக்கலாமே. தீன்னு ஏன் சொன்னீங்க?"

"போட்டின்னு சொன்னா யார் கேப்பான்? தீன்னு சொன்னா கேப்பான்." சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் கேட்டார். "உன்ன ப்ளேன் ஏத்தினது யாரு?"

"நீங்கதான்."

"அப்புறம்?"

"ஏழு வருஷம் உங்க அடுப்புல நின்னேன்ங்க. ஒரு நாள் லீவு எடுக்கல. அது அதோட முடிஞ்சிடுச்சு."

"கமிட்டிக்கு வருவியா?"

"வருவேன்."

"இங்கிலீஷ் வருமா?"

"வந்த வரைக்கும் பேசறேன்ங்க."

சனிக்கிழமை காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய கல்லை இழுத்தேன். ரெண்டு இடத்தில் துரு. தேய்த்தேன். கமிட்டி கூட இன்னும் அஞ்சு நாள் இருந்தது. ரஞ்சி அக்காவிடம் போய், "அக்கா, நான் சொன்னது தப்பு. விதி இன்னும் வரல. பெருச எடுங்க" என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போன மாசமே சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார். பெரிய தட்டை எடுத்து வைத்தார்.

6

கமிட்டி ஒரு பெரிய ஹாலில். பேசுகிறவருக்கு மூணு நிமிஷம். ஓட்டல் சங்கத்துக்கு வக்கீல் மாதிரி ஒரு பெண் பேசினாள். அழகாகப் பேசினாள். முதலாளி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். பவித்ரா எழுதிக் கொடுத்த தாள் பையில் இருந்தது. எடுக்கவில்லை. எனக்கு வரும் இங்கிலீஷ் அடுப்படி இங்கிலீஷ். அதில்தான் பேசினேன். நம்ம பாஷையில் இப்படி வரும்.

"அந்தப் போட்டோவில் இருக்கிறது நான். சிரித்தேன். கேமரா வந்தால் சிரிப்பேன். சிரமம் இல்லை என்று நான் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. சின்னக் கல் வைத்தேன். எங்கள் ஊரில் ஆஃபீஸ் பேப்பர் வந்தால் அது உத்தரவு. கேள்வி என்று என் பெண் சொன்னாள். நான் நம்பவில்லை. அது என் தப்பு. என் தப்பை நீங்கள் சாட்சியாக வைக்கக் கூடாது. சின்னக் கல்லிலும் அதே கேஸ், அதே தீ. தீயைக் கம்மி பண்ணணும் என்றால் குழாயைப் பாருங்கள், ரெகுலேட்டரைப் பாருங்கள். கல் எரியாது. அது இரும்பு. கடைசியாக ஒன்று. நாற்பத்தைந்து என்று யார் சொன்னது? அந்த நம்பருக்குக் கீழே அவர் பேரை எழுதுங்கள். அப்புறம் முடிவு பண்ணுங்கள்."

மூணு நிமிஷம் ஆகவில்லை. உட்கார்ந்தேன்.

தலைமையில் இருந்த அம்மா மார்ட்டினைப் பார்த்தார். இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தொழில் பிரதிநிதிகளிடமிருந்து என்றார் மார்ட்டின். சந்தைக்காரர்களில் எத்தனை பேரைக் கேட்டீர்கள் என்றார் அந்த அம்மா. மார்ட்டின் தாளைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். காது சிவந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

அந்த விதியை நிறுத்தி வைத்தார்கள். ரெண்டு மாசம் கழித்துப் புது விதி வந்தது. கேஸ் குழாயை வருஷா வருஷம் சோதிக்கணும், தீயணைக்கும் போர்வை வைக்கணும். கல்லின் அளவு இல்லை. நாங்கள் போர்வை வாங்கினோம்.

முதலாளி இப்போது என்னைப் பார்த்தால் வேறு பக்கம் பார்க்கிறார். செல்விக்கு வருத்தம். எனக்கும்தான். ஆனாலும் மறுபடி கூப்பிட்டால் அதையேதான் பேசுவேன்.

குமாரு, நீ செய்ய வேண்டியது இதுதான். விதி வருவதற்கு முன்னால் போ. தனியாகப் போகாதே. சங்கம் வை, லெட்டர்பேடு அடி. கேலியாக இருந்தாலும் அடி. ஆஃபீஸ் சங்கத்தோடுதான் பேசும். எந்த அளவு சொன்னாலும், எத்தனை அடி சொன்னாலும், அதை யார் சொன்னது என்று கேள். மரியாதையாகக் கேள். பதில் வரும் வரைக்கும் நகராதே.

7

சங்கம் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்களும் வைத்தோம். ஏழு அடுப்புக்கு ஒரு சங்கம். நான் செயலாளர். அதற்குப் பிறகு மார்ட்டின் எதற்கும் எனக்குத்தான் ஃபோன் பண்ணுவார். எத்தனை மணிக்குக் கடை மூடலாம், குப்பை எங்கே வைக்கலாம். எனக்கே கொஞ்சம் தலை கனத்தது. பொய் சொல்லவில்லை.

ஒரு நாள், கடைக்கும் கடைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வேணும் என்று கேட்டார். சங்கத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சந்தையில் ஒரு மூலை காலியாக இருந்தது. ஹலிமா என்று ஒரு சோமாலியப் பெண் அந்த இடத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். சமோசா மாதிரி ஒன்று போடுவாள். நல்லா இருக்கும்.

சாயங்காலம் கடை மூடின பிறகு கூடினோம். வின்ஸ்டன்தான் ஆரம்பித்தார். "பத்து அடி என்று சொல்லு மாஸ்டர். பத்து அடி விட்டால் அந்த மூலையில் ஒரு கடை நிற்காது."

"அந்தப் பிள்ளை வந்தா எங்கட யாவாரம் குறையும் தம்பி" என்றார் ரஞ்சி அக்கா. "தீக்கு எண்டு சொல்லுங்கோ. அவையள் கேப்பினம்."

எல்லோரும் தலை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஆனால் வாயைத் திறந்து வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மார்ட்டின் நோட்டோடு வந்தார். எல்லோரும் அடுப்பைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு என்னைக் கவனித்தார்கள்.

"தீக்கு ஆறு அடி போதும்" என்றேன்.

"பத்து என்றல்லவா கேள்விப்பட்டேன்?"

"பத்து எங்கள் சங்கம் சொன்னது. அது தீக்கு இல்லை. புதுசா ஒருத்தர் வரக் கூடாது என்பதற்கு. ரெண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எது எதுக்கு என்றும் எழுதுங்கள்."

வின்ஸ்டன் கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டார். அடுத்த கூட்டத்தில் என்னைச் செயலாளர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கை தூக்கினதில் ரஞ்சி அக்காவும் உண்டு. எடுக்கட்டும். சங்கத்தை விட்டு நான் விலகவில்லை. சந்தாவும் கட்டுகிறேன், கூட்டத்துக்கும் போகிறேன், கேள்வியும் கேட்கிறேன்.

கவுன்சில் ஆறு அடி என்றே எழுதியது. போன சனிக்கிழமை ஹலிமா வந்தாள். அடுப்பு, எண்ணெய்ச் சட்டி எல்லாம் இறக்கி வைத்துவிட்டுப் பத்த வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். மணி பத்தாகிவிட்டது. நான் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போய், என்ன என்று கேட்டேன்.

"உங்கள் சங்கம் இன்னும் சரி சொல்லவில்லையாம். அந்த டிரம்மில் கோழி சுடுகிறவர் சொன்னார். நான் காத்திருக்கணுமா?"

"லைசென்ஸ் வெச்சிருக்கியாம்மா?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கவுன்சில் முத்திரை இருந்தது.

"அப்ப யாரையும் கேக்காத. பத்த வை."